சீகிரியாக் குன்றில் ஒரு நாற்பது மணிக் கணக்கு

மாத்தளைக்கு நாம் செல்வது பெரும்பாலும் மாசி மகத்துக்குத்தான். முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியைத் தரிசிப்பதும், 108 அடி உயர இராசகோபுரத்தின் நிழலில் உறவினரோடு அளவளாவுவதும் எமக்கு வழக்கம். ஆனால் இம்முறை பங்குனியிற் சென்றது திருவிழாவுக்காக அன்று. தமையனார் வீட்டு வழக்கொன்றைத் தீர்ப்பதற்காக.

தமையனாரின் மகனுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன், விமானம் ஓட்டப் பழகவேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். தமையனாரோ மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் வாங்கி விற்பவர். எதையும் நிறுத்துப் பார்த்தே பேசுவார்.

"தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு நாற்பது மணி நேரம் பறந்தாற் போதுமாம். நாளொன்றுக்கு எட்டு மணி வேலை என்றால் ஐந்தே நாள். ஐந்து நாள் படிப்புக்கா இத்தனை பணம்?" என்றார் அவர்.

"ஐந்து நாளில் முடியாது அப்பா, மூன்று மாதம் வேண்டும். அதன்பின் சம்பளந்தான்" என்றான் மகன்.

இருவர் கணக்கும் பிழை என்பதை நாம் அறிவோம். இரத்மலானையிற் பறத்தல் பயிற்றும் நண்பர் ஒருவரிடம் யாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டே புறப்பட்டிருந்தோம். ஆயினும் கடைக்குள் இருந்துகொண்டு ஆகாயத்தைப் பற்றி வாதிடுவது பொருந்தாதென எண்ணினோம். சீகிரியாவின் அருகே கிம்பிஸ்ஸவில் விமானத்தளம் ஒன்று இருக்கிறது. "அங்கே போய்ப் பேசுவோம்" என்று, மறுநாள் விடியற்காலையில் மூவருமாகப் பஸ் ஏறினோம்.

அலுவிகாரையைத் தாண்டி, நாலந்தாவைக் கடந்து, தம்புள்ளையை நோக்கிச் செல்லும் அந்த வீதி எமக்கு வெறும் வீதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேலாகக் காட்டு வழியே கால்நடையாக இப்பாதையில் வந்தே மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் நடந்த மண்ணிலிருந்து அவர்தம் சந்ததியில் ஒருவன் பறக்க விரும்புவது எமக்குப் பேராசையாகத் தோன்றவில்லை.

வெயில் ஏறுமுன் குன்றின் உச்சியை அடைந்தோம். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் தன் அரண்மனையை அமைத்த இடம். கீழே தென்மேற்கில் கண்டலமைக் குளம். அதற்கப்பால் தம்புள்ளைப் பாறை. தெற்கே நீல நிறத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். மேற்கே காட்டுக்கிடையே விமானத்தளம் கிடக்கும் திசையைக் காட்டினோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படைக்காக அமைந்த தளம் அது. இன்று இலங்கை விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது.

ஒரு பாறை நிழலில் அமர்ந்து, குறிப்புப் புத்தகத்தை விரித்தோம்.

உலக நாடுகள் ஒப்புக்கொண்ட குறைந்த அளவு நாற்பது மணி நேரம். அங்கீகாரம் பெற்ற பாடநெறியிற் பயின்றால் முப்பத்தைந்து, ஐரோப்பாவில் நாற்பத்தைந்து. இதிற் பத்து மணி நேரமாவது பயிற்றுநர் உடனில்லாமல் மாணவன் தனியே பறக்கவேண்டும். அந்தப் பத்தில் ஐந்து மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பறத்தல். அவற்றுள் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாத பயணமாகவும், வழியில் இரு வேறு தளங்களில் இறங்கி எழுவதாகவும் இருத்தல் வேண்டும்.

"இரத்மலானையிலிருந்து இவ்விடத்துக்கு எவ்வளவு தூரம்?" என்று மகன் கேட்டான்.

நேர்கோட்டில் ஏறத்தாழ 155 கிலோமீற்றர். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சிறு செஸ்னாவுக்கு ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். குருநாகலின் ஆனைக்கல்லும் தம்புள்ளைப் பாறையும் ஒன்றன்பின் ஒன்றாக வழிகாட்ட, முடிவில் இக்குன்று தென்படும். போய் வந்தால் 310 கிலோமீற்றர் ஆகும். ஆயினும் விதி நிறைவேறாது. இடையில் இன்னொரு தளத்திலும் இறங்கவேண்டும்.

"அப்படியானால் நாற்பது மணியில் முடிந்துவிடுமா?" என்றார் தமையனார்.

முடிவது அரிது. பலருக்கு அறுபது, எழுபது மணி வரை செல்கிறது. ஒருநாளில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரமே மனம் பாடத்தை ஏற்கும். எட்டு மணி நேரம் எவராலும் கற்கவியலாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பறப்பவனுக்கு அறுபது மணி சேர முப்பது வாரம். ஒரு மணி நேரமே பறப்பவனுக்கு ஓராண்டுக்கும் மேல். பணமின்றி ஒரு மாதம் இடைவெளி விட்டால், கற்றது மறந்து, பழைய பாடத்துக்கே மீண்டும் பணம் கொடுக்க நேரும். ஆகவே கையில் அறுபது மணிக்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டு தொடங்குபவனே விரைவில் முடிப்பவன்.

நிலத்திலே செலவாகும் காலமும் உண்டு. விமானச் சட்டம், வானிலை, வழியறிதல், பறத்தலின் தத்துவம், வானொலித் தொடர்பு முதலாக ஒன்பது பாடங்களிற் பரீட்சை. மருத்துவச் சான்றிதழும் வேண்டும். "பணம் கட்டுமுன் கண்ணையும் காதையும் இதயத்தையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி வழியிற் குறை தெரிந்து திரும்புவதைப் போன்ற துயரம் வேறில்லை" என்று நண்பர் கூறியதையும் சொன்னோம்.

அடுத்துச் சொல்லவேண்டியதே கடினமானது. தனியார் அனுமதிப்பத்திரம் உடையவர், விமானியாகப் பறப்பதற்குக் கூலி பெற விதி இடந்தராது. சம்பளம் வேண்டுமாயின் வணிக விமானி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற பாடநெறியில் 150.

மகன் பேசவில்லை. அவன் முகம் வாடியதைக் கண்டு, சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்றுகூட எண்ணினோம்.

நண்பகல் கழிந்தது. காலையிலே துலக்கமாக இருந்த நக்கிள்ஸ் மலைகளின்மேல் வெண்முகில்கள் கோபுரம் கோபுரமாக எழுந்து, அடி கறுத்து, சிறிது நேரத்தில் இடி முழங்கியது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலிடி இப்பகுதிக்குப் புதிதன்று. வைகாசிக்குப் பின் கச்சான் வீசும். மார்கழியில் வாடையோடு மழை.

"இந்த நேரத்தில் ஒரு மாணவன் இங்கே வந்துகொண்டிருந்தால்?" என்றார் தமையனார், வானத்தை அண்ணாந்து நோக்கியபடி.

"புறப்பட்டிருக்கவே மாட்டான். கண்ணால் வழி பார்த்துப் பறப்பவனுக்கு ஐந்து கிலோமீற்றர் தூரமாவது தெளிவாகத் தெரியவேண்டும். முகிலுக்கும் அவனுக்கும் இடைவெளி வேண்டும். இன்று பாடம் இல்லையென்று வீட்டுக்குப் போவதும் பாடந்தான்."

மழைக்கு அஞ்சி விரைந்து இறங்கினோம். படிகளில் தமையனார் எமக்கு முன்னே சென்றுகொண்டிருந்தார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"மிளகுக் கொடி நட்டால் மூன்றாம் வருடத்தில்தானே காய் பறிக்கிறோம்? நட்ட மறுநாள் கூடையோடு நிற்பவன் தோட்டக்காரன் அல்லன். ஐந்து நாள் என்று சொன்னது என் பிழை. முதலில் வைத்தியரிடம் காட்டுவோம். இந்த வருடம் புத்தகப் பாடங்களைப் படிக்கட்டும். ஒரு வேலையும் பார்க்கட்டும். அறுபது மணிக்கான பணத்தில் பாதியை நான் தருகிறேன். மறுபாதியை அவன் சேர்க்கட்டும்" என்றார்.

மகன் அதற்கும் உடனே பதில் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் எம் அருகில் வந்தான்.

"சித்தப்பா, பயிற்றுநர் இறங்கிவிட்டு, 'இனி நீ தனியே போ' என்று சொல்வாராமே, அது எத்தனையாவது மணியில் வரும்?"

"பத்திலும் வரலாம், இருபதிலும் வரலாம். அதற்குக் கணக்கில்லை, நீ ஆயத்தமா என்பதை அவர் அறியவேண்டும்" என்றோம்.

அவன் தலையசைத்தான். சம்பளத்தைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை.