அமிர்தியிலிருந்து வயலூர் வரை

ஜவ்வாது மலையில், வேலூர்ப் பக்கம் அமிர்திக் காடு. மழைக்காலத்தில் அங்கே அருவி கொட்டும். அந்தக் காட்டு ஓடைகள் சேர்ந்து இறங்குவதுதான் நாகநதி. மலையடிவாரம் தாண்டிக் கண்ணமங்கலத்துக்கு வருகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் மணலைத்தான் பார்க்கிறார்கள்; செத்த ஆறு என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில வாரங்கள் மேலே ஓடும் ஆறு, மீதி நாளெல்லாம் மணலுக்கு அடியில் ஓடுகிறது. கரையோரக் கிணறுகளைக் கேட்டால் தெரியும்.

அந்த அடிநீரைக் காப்பாற்றத்தான் வாழும் கலை அமைப்பின் முயற்சியில், நூறு நாள் வேலைப் பெண்கள் மேல் ஓடைகளில் இறங்கினார்கள். படுகையில் ஆழக் குழி வெட்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். ஓடையின் குறுக்கே கல் அடுக்கினார்கள். வேகம் தணிந்த வெள்ளம் உறைக்குள் விழுந்து நேரே பூமிக்குள் போகும். வெயிலில் மண் சுமந்த அந்தக் கைகளுக்கு இந்த ஆறு கடன்பட்டிருக்கிறது.

தெற்கே படவேட்டிலிருந்து கமண்டல நதி வருகிறது. ஜமதக்னி முனிவரின் கமண்டல நீர் பெருகி ஆறானதாகக் கதை. ரேணுகாம்பாள் கோயிலும் செண்பகத்தோப்பு அணையும் அதன் வழியில்தான். சம்புவராயநல்லூர் அருகே இரண்டும் கலந்து, கமண்டல நாகநதியாக ஆரணிக்குள் நுழைகின்றன.

ஆரணிக் கரையில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில். ஊருக்குள் பட்டுத் தறிச் சத்தம். கச்சாப் பட்டின் எடையில் கால் பங்குவரை கோந்துதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைத்துக் கோந்தை எடுத்தால்தான் மினுமினுப்பு வரும். பிறகு அலசல், சாயம், மறுபடி அலசல். தண்ணீர் கடினமாக இருந்தால் சாயம் சீராகப் பிடிக்காது. நல்ல தண்ணீர் இல்லாமல் பட்டு இல்லை. அப்படியிருக்க, சாயக் கழிவைச் சுத்தம் செய்யாமல் அந்தத் தண்ணீரிலேயே விடுவது எந்த நியாயம்?

ஆரணி தாண்டி, வாழைப்பந்தல் பக்கம் இந்த ஆறு செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் வேகவதியோடு பாலாற்றில் கலக்கிறது. அங்கிருந்து கிழக்கே, வயலூர் அருகே கடல். கடலுக்குச் சற்று முன்னால், பாலாற்றுப் படுகையிலிருந்துதான் கல்பாக்கத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். அங்கேயும் மணலுக்கு அடியிலிருந்துதான்.