அழைப்பைத் தேடி அலைந்தவர்

அழைப்பு இல்லாத கல்யாணத்துக்குப் போவது மரியாதை இல்லை என்பார்கள் பெரியவர்கள். கோல்ஃப் உலகிலும் அப்படியொரு வீடு உண்டு. அமெரிக்காவின் அகஸ்டா நகரில் ஏப்ரல் மாதம் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்கு யாரும் விண்ணப்பம் போட முடியாது. அவர்களாகக் கூப்பிட வேண்டும். அந்த அழைப்புக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவர் சிலி நாட்டு வீரர் ஹோவாக்கின் நீமன்.

1998-ல் பிறந்தவர். 2018-ல் லத்தீன் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை வென்று, முதன்முறையாக மாஸ்டர்ஸில் ஆடினார். பிறகு அமெரிக்காவின் பிஜிஏ டூரில் இரண்டு பட்டங்கள். 2022 ஆகஸ்டில், 23 வயதில், சவுதி அரேபியப் பணத்தில் புதிதாகத் தொடங்கிய லிவ் கோல்ஃப் தொடருக்கு மாறினார்.

அங்கே சம்பாத்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளுக்குள் நுழைய உலகத் தரவரிசை முக்கியம். ஆண்டு முடிவில் முதல் 50 இடங்களில் இருப்பவர்களை மாஸ்டர்ஸ் அழைக்கும். லிவ் தொடரிலோ பெரும்பாலும் அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப ஆடினார்கள். வெளியாள் நுழைய வழி குறைவு. அதனால் புள்ளிகள் தர முடியாது என்று 2023 அக்டோபரில் தரவரிசைக் குழு கைவிரித்தது. பழைய புள்ளிகளுக்கும் ஆயுள் இரண்டே ஆண்டுகள். எவ்வளவு நன்றாக ஆடினாலும் நீமனின் இடம் சரிந்துகொண்டே போனது.

‘அவராகத் தேடிக்கொண்டதுதானே?’ என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நீமன் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. சீசன் முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுத்த நேரத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் பெட்டியைக் கட்டினார். 2023 டிசம்பரில் சிட்னியில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனில், ஜப்பானின் ரிக்குயா ஹோஷினோவுடன் சமநிலை. கூடுதலாக ஆடிய இரண்டாவது குழியில் ‘ஈகிள்’ அடித்து வென்றார். கோப்பையோடு, 2024 பிரிட்டிஷ் ஓப்பனில் ஆடும் தகுதியும் கைக்கு வந்தது. ஜனவரியில் துபாய்க்குப் போய் நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

பிப்ரவரியில் மெக்சிகோவில் லிவ் போட்டி. முதல் சுற்றை வெறும் 59 அடிகளில் முடித்து, பட்டத்தையும் வென்றார். பல கோடி பரிசு வாங்கிய அந்த நாளிலும் அவர் பேசியது, பெரிய போட்டிகளுக்குள் தனக்கு இடம் கிடைக்காததைப் பற்றித்தான்.

அதே மாதம் அகஸ்டாவிலிருந்து சிறப்பு அழைப்பு வந்தது. ஏப்ரலில் ஆடி, 22-வது இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். பட்டம் இல்லை, ஆனால் களத்தில் இருந்தார்.

அடுத்த ஆண்டு யு.எஸ். ஓப்பன் நிர்வாகம் ஒரு புது வழி திறந்தது. லிவ் தரவரிசையின் முதல் மூன்று பேரில், வேறு வகையில் தகுதி பெறாதவர்களில் முன்னிலையில் இருப்பவருக்கு ஓர் இடம். 2025-ல் அந்த வாசல் வழியாக முதலில் உள்ளே போனவர், நீமன்.