ரஸல் ஊர் அரசு வக்கீல்

அக்டோபர் 11, வெள்ளி

விச்சிட்டாவில் தேர்தல் களை கட்டிவிட்டது. வீட்டுக்கு வீடு புல்வெளியில் வேட்பாளர் பெயர்ப் பலகைகள். எதிர்வீட்டுப் பலகையில் இருப்பவருக்கு, பெயருக்குக் கீழேயே “வழக்கறிஞர், முன்னாள் ராணுவ அதிகாரி” என்று போட்டிருக்கிறார்கள். கறுப்புக் கோட்டும் ராணுவ உடுப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கன்சாஸ் கிராமங்களில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அலுவலகத்தில் பேச்சு. எனக்கு அதில் சந்தேகம். சில நாளாக, கோட்டும் உடுப்பும் இரண்டுமே இருந்த கன்சாஸ் அரசியல்வாதி பாப் டோலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாளை அவர் ஊர் வரை போய்வரலாம்.

அக்டோபர் 12, சனி

ரஸல். சிறிய ஊர். தானியக் கிடங்கின் கோபுரம் தொலைவிலேயே தெரிகிறது. வயல் நடுவே எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் தலையாட்டுகின்றன. வேலிக்குக் கல்தூண்கள், மரம் கிடைக்காத இந்தச் சமவெளியில் குடியேறியவர்கள் சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் தூண் நட்டார்கள்.

டோல் 1923இல் இங்கே பிறந்தவர். அப்பா முட்டையும் பாலாடையும் வாங்கி விற்றவர். அம்மா தையல் இயந்திரம் விற்றார். 1930களின் பஞ்சத்தில் குடும்பம் வீட்டின் நிலவறைக்கு இறங்கிக்கொண்டு, மேல்பகுதியை எண்ணெய்க் கிணற்று ஆட்களுக்கு வாடகைக்கு விட்டது. பையன் டாசன் மருந்துக்கடையில் சோடா கலந்து கொடுத்தான்.

1945 ஏப்ரல் 14 அன்று இத்தாலி மலைகளில், 10ஆம் மலைப் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்டாக இருந்தபோது, வலத் தோளைக் குண்டு சிதைத்தது. அந்த முனையில் போர் முடிய மூன்று வாரம்கூட இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் மருத்துவமனை வாசம். ஒரு சிறுநீரகம் போயிற்று. வலக்கை கடைசிவரை திரும்பவில்லை. சிகாகோவில் கெலிகியன் என்ற ஆர்மீனிய அறுவை மருத்துவர் கட்டணம் வாங்காமல் அறுத்துத் தைத்தார். அவருடைய தம்பியும் இத்தாலியில் இறந்த சிப்பாய். மருத்துவமனைச் செலவுக்கு ஊர் பணம் திரட்டியது. அதே மருந்துக்கடையில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்தார்கள். சில்லறையும் நோட்டுமாகச் சேர்ந்தது 1,800 டாலர். அந்தப் பெட்டியைப் பிற்பாடு டோல் தன் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று நீதிமன்றப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தபோது போரைவிட அந்தக் கட்டடம்தான் டோலை ஆளாக்கியது என்று தோன்றியது. படித்தவரை அதுதான் சரி.

டொபீகாவில் சட்டம் படித்துக்கொண்டே 1950இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்தார். இரண்டு கட்சியும் அழைத்தன. இந்தக் கவுன்ட்டியில் குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டு மடங்கு என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் முடிவெடுத்துவிட்டேன் என்று அவரே பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வார். கொள்கை விளக்கம் என்று நாலு பக்கம் எழுதுகிறவர்களைவிட இது நேர்மை. வகுப்பில் குறிப்பெடுக்கக் கை இல்லாததால் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். தேர்வில் அவர் விடை சொல்லச் சொல்ல மனைவி எழுதினார்.

1953 முதல் எட்டு ஆண்டு ரஸல் கவுன்ட்டியின் அரசு வக்கீல். பெரிய கொலை வழக்கெல்லாம் எப்போதாவதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், கள்ளக் காசோலை கொடுத்தவன், பிள்ளைகளைப் பட்டினி போட்டவன் என்று அன்றாடப் பஞ்சாயத்துகளே அதிகம். மாதாமாதம் ஏழைகளுக்கான உதவித்தொகைப் பட்டியலும் அவர் மேசைக்கு வரும். அதில் அவருடைய சொந்தத் தாத்தா பாட்டியின் பெயரும் இருந்தது. அவர்களுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டார், இடக்கையால். அரசு உதவியைப் பற்றி மேடையில் கடுமையாகப் பேசும் கட்சியில் இருந்தவர், பிற்காலத்தில் உணவுக் கூப்பன் திட்டத்துக்கு ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்னோடு கைகோத்தார். அதற்கு வேர் இந்த மேசைதான் என்பது என் ஊகம்.

அக்டோபர் 16, புதன்

அலுவலகப் பேச்சுக்குப் பதில் 1960ஆம் ஆண்டில் கிடைத்துவிட்டது.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தல், மேற்குக் கன்சாஸின் 6ஆவது தொகுதி. ஓய்வு பெறவிருந்த உறுப்பினர் வின்ட் ஸ்மித்: வக்கீல், ராணுவ அதிகாரி. கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் டோலை எதிர்த்த கீத் செபீலியஸ், நார்ட்டன் ஊர் வக்கீல்; இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் இரண்டிலும் சேவை செய்தவர். 1958இல் இதே இடத்துக்கு நின்று மயிரிழையில் தோற்றவர். ஆக, ஒரு தொகுதியில் சிறுநகர வக்கீலும் ராணுவக்காரருமாக மூன்று பேர்! கோட்டுக்குக் கோட்டு, உடுப்புக்கு உடுப்பு சரியாய்ப் போயிற்று. ஓட்டு எதைப் பார்த்து விழும்?

மூன்றாவதாக டாயில் என்று ஒருவரும் நின்றார். திட்டமிட்டோ தற்செயலோ, டோல், டாயில் இரண்டும் அவசரத்தில் காதுக்கு ஒன்றுதான். பெயர்க் குழப்ப வேட்பாளர் நமக்குப் புதிதா என்ன? டோல் தரப்பு கண்டுபிடித்த வழி அன்னாசிப் பழம். டோல் என்ற பெயரில் அன்னாசிச் சாறு விற்கும் கம்பெனி ஒன்று உண்டு. போகிற ஊரிலெல்லாம் காகிதக் கோப்பையில் அந்தச் சாறை ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தவனுக்குப் பெயர் மறக்காது. கூடவே பாடிக்கொண்டு வர ஒரு பெண்கள் குழு. வேட்பாளர் கடை கடையாக ஏறி இறங்கி இடக்கையை நீட்டினார். வலக்கையை யாரும் பிடித்துக் குலுக்கிவிடாமலிருக்க அதில் எப்போதும் ஒரு பேனா.

982 ஓட்டில் ஜெயித்தார். போர்க்காயத்துக்கு விழுந்த ஓட்டு எத்தனை, அன்னாசிக்கு எத்தனை என்று பிரிக்க முடியாது. ஆனால் காயம் மட்டும் போதும் என்று டோலே நினைக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மீதி ஊரறிந்த கதை. 1968இல் செனட்டர். 1976இல் ஃபோர்டின் துணை ஜனாதிபதி வேட்பாளராக ரஸல் நீதிமன்றப் புல்வெளிக்கு வந்தார். ஊர் செய்த உதவியைச் சொல்லத் தொடங்கியவர் மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார். ஃபோர்டு எழுந்து கைதட்டிச் சமாளித்தார்.

1996இல் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது ஆலோசகர்கள் அந்தத் தோளின் கதையை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். எதிரில் ராணுவத்தில் ஒரு நாளும் இருந்திராத பில் கிளின்டன். தேர்வாளர் ஓட்டில் முடிவு கிளின்டன் 379, டோல் 159. உடுப்பு ஒருவரை மேடைக்கு ஏற்றும். அங்கிருந்து ஓட்டுப் பெட்டிவரை அவர்தான் நடக்க வேண்டும். எதிர்வீட்டுப் பலகைக்காரரைச் சந்தித்தால் எங்கள் தெருவுக்கு எத்தனை முறை வந்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

செபீலியஸை மறந்துவிடக் கூடாது. டோல் செனட்டுக்குப் போனதும் காலியான இடத்துக்கு 1968இல் மறுபடி நின்று ஜெயித்தார். 1981 ஜனவரியில் தாமாக ஓய்வு பெறும்வரை அவரை யாரும் தோற்கடிக்கவில்லை.