கச்சான் பக்கத்து மழை

ஊவாத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் காற்றுக்குத் திசையும் மாதமும் உண்டு. ஆடியில் மேற்கே இருந்து வருவது கச்சான். அட்டன், நுவரெலியாப் பக்கம் இருந்த மழையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்கும். உதடு வெடிக்கும். கொழுந்து சிறுத்துப்போகும். அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் விலை கூடுவதும் அப்போதுதான். துரைமாருக்கு நல்ல காற்று. எங்களுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு, கூரைத்தகரம் அந்தப் பாடு படும்.

ஆனி பிறந்ததும் அப்பா கூரையேறி மேற்கு ஓரமாகக் கல் அடுக்குவார். பொறுக்கிக் கொடுப்பது நாங்கள். ஐப்பசியில் அதே கற்களை இறக்கி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைச் சேற்றில் நடக்கப் பரப்புவோம். கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வந்து நமுனுகுல மலையில் மோதிப் பெய்யும். ஒழுகும், ஆனால் தகரத்தைத் தூக்காது. அதுதான் கணக்கு.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. காலையிலிருந்தே மழை. இருட்டிய பிறகு காற்று திரும்பியது. இஸ்தோப்பில் நின்ற அப்பாயி, "டேய், கச்சான் பக்கமிருந்து மழை வருதுடா!" என்று கத்தினாள். கல்லோ பீலிக்கரையில். முதலில் ஒரு ஆணி கழன்றது. தகரத்தின் மூலை எழும்பி அடித்தது, மறுபடி எழும்பியது, பிறகு முழுத்தகரமும் வளைந்து இருட்டுக்குள் போய்விட்டது. குப்பிலாம்பு அணைந்தது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினோம், அது கருங்கல் கட்டடம். அப்பா தங்கச்சியைத் தூக்கினார். அம்மா தூக்கியது பிஸ்கட் டின்னை. பிரஜாவுரிமைக் காகிதமெல்லாம் அதற்குள் இருந்தது. யார் இந்தியா, யார் இலங்கை என்று எங்களைப் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எந்த லயத்திலும் அரிசியைவிடப் பத்திரமாக வைத்திருந்த பொருள் அது.

விடிந்து பார்த்தால் சவுக்கு மரங்கள் பாதியில் முறிந்து கிடந்தன. இடுப்பளவு வெட்டி வளர்த்த தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைக்குப் போகாததால் அன்று யாருக்கும் பேரில்லை, சம்பளமும் இல்லை.

புயல் மட்டக்களப்பில் ஏறியதை ரேடியோ சொன்னது. அங்கிருந்து பொலன்னறுவைப் பக்கமாகத் தீவைக் குறுக்கே கடந்து, மறுநாள் இராமநாதபுரம் கரையில் ஏறியிருக்கிறது. இலங்கையில் 900க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மட்டக்களப்புத் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. எங்களைத் தொட்டது அதன் ஓரம்தான். இங்கே புயல் இடஞ்சுழியாகச் சுழலும். அதன் மையம் எங்களுக்கு வடக்கே போனதால் காற்று மேற்கிலிருந்து அடித்தது. இதைப் பிற்பாடு பூமிசாத்திரப் பாடத்தில்தான் புரிந்துகொண்டேன்.

முன்பு வந்த பஞ்சத்தில் மட்டக்களப்புப் பக்கம் பிழைக்கப்போன சித்தப்பாவிடமிருந்து கடிதம் வர மார்கழியானது. வீடு இல்லை, ஆட்கள் சுகம் என்று எழுதியிருந்தார். அப்பாயி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

பறந்த தகரங்களைத் தேயிலைக்குள் தேடிப் பொறுக்கினோம். எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது வேறு லயத்துத் தகரம். பழைய ஆணித்துளைகள் எங்கள் கூரை மரத்தோடு ஒத்துவரவில்லை. அம்மா துணியைத் தாரில் முக்கி ஒவ்வொரு துளையாக அடைத்தாள். அப்பா கல்லையெல்லாம் மறுபடி மேலே ஏற்றினார். அதற்குப் பிறகு ஐப்பசி வந்தாலும் இறக்க விடவில்லை. பீலிக்கரைக்குச் சேற்றில்தான் நடந்து போனோம்.