சோழமண்டலத்து மஞ்சள் ஊசி

கோவிற்பட்டிச் சீமையை வானம் பார்த்த பூமி என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் கம்பும் உண்டு. பொய்த்தால் வெடித்த கரிசலும் வெயிலுந்தான் மிச்சம். இத்தகைய சீமையில் தண்ணீரையே நம்பிப் பிறக்கும் பூச்சி ஒன்று உண்டென்றால் நேயர்கள் சந்தேகிக்கலாம். தை மாதத்தில் யாதேனும் ஓர் ஊருணிக் கரையில் அரை நாழிகை உட்கார்ந்து பாருங்கள்.

கோரைத் தாளின்மேல், தீக்குச்சியினும் மெலிந்த மஞ்சள் குச்சி ஒன்று அசையாமல் நிற்கும். (எங்கள் பக்கத்தில் எதையும் தீக்குச்சி கொண்டு அளப்பதுதானே வழக்கம்!) அதுவே ஊசித்தட்டான். சாதாரணத் தட்டான் உட்காரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்திருக்கும். இதுவோ முதுகின்மேல் கூப்பிக்கொள்ளும். கண்களும் ஒட்டாமல், தலையின் இரண்டு ஓரங்களிலும் விலகி நிற்கும். ஆணுக்கு மார்பு ஆலிவ் பச்சை. வால்போல் நீண்ட வயிறு முழுதும் எலுமிச்சை மஞ்சள், ஒரு கறுப்புக் கோடு கூடக் கிடையாது. பெண் சற்று மங்கல். இதன் பங்காளி ஒன்றுக்கு வயிற்றின் அடியும் நுனியும் செம்மஞ்சளாக இருக்கும். ஆகையால் மயங்க வேண்டியதில்லை.

இதன் சாஸ்திரப் பெயர் செரியாக்ரியான் கோரமண்டலியானம். 1798-இல் டென்மார்க் தேசத்துப் பண்டிதர் ஃபாப்ரீஷியஸ் இதை வருணித்தார். அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. சோழமண்டலம் என்னும் நம் சொல்லே பரங்கியர் நாவில் கோரமண்டலம் ஆயிற்று. பெயர் கடற்கரையுடையதாயினும் பூச்சி இந்தியாவின் பெரும் பகுதியிலும் இலங்கையிலும் நேபாளத்திலும் உள்ளது. வேண்டுவதெல்லாம் செடி அடர்ந்த, ஓட்டமில்லாத நீர்.

அந்தச் செடியில்தான் விஷயமே இருக்கிறது. பெண் பூச்சி நீர்ச்செடியின் தண்டையோ இலையையோ கீறி உள்ளே முட்டையிடும். ஆண் அதன் கழுத்தைப் பற்றியபடி விறைத்து நிமிர்ந்து நிற்கும். பொரித்த குஞ்சுக்கு வால் நுனியில் இலைபோல் மூன்று செவுள்கள். அது நீருக்குள்ளேயே சிறு பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் தின்று வளர்கிறது. பங்குனி வெயில் ஊருணியை வற்றவைக்குமுன் சிறகு முளைத்தாக வேண்டும்.

இப்பொழுது எங்கள் பக்கத்து ஊருணி ஒன்றைத் தூர் எடுத்து, கரை முழுவதும் சிமெண்டு பூசப்போகிறார்கள். தூர் எடுப்பது மிகவும் நல்லது. சீமைக் கருவேலத்தை வெட்டுவதும் நல்லதே. ஆனால் சிமெண்டுச் சரிவில் கோரை முளைக்குமா? மேலக்கரை ஒன்றையாவது மண்ணாகவே விடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். எஸ்டிமேட்டில் நான்கு கரைகளும் சேர்ந்திருக்கின்றனவாம்.