போகாமல் இருப்பதற்கான செய்தி

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரை மணிக்கு டீ குடித்துக்கொண்டே போனில் நான்கு பெயர்களைக் குறித்துக்கொண்டேன். வரையாடு. சிங்கவால் குரங்கு. இருவாச்சி. யானை. பக்கத்தில் நான்கு காலிக் கட்டங்கள்.

நாங்கள் ஐந்து பேர். முதுகில் ஆளுக்கொரு பேக், கோயம்புத்தூரில் ஆளுக்கொரு வேலை. ரூம் போடக் கூடாது, கார் எடுக்கக் கூடாது, அரசு பஸ்ஸில் போய் அன்றிரவே வீடு திரும்பிவிட வேண்டும். இதுதான் எங்கள் குழுவின் சட்டம். அதற்கு வால்பாறையைவிடத் தோதான ஊர் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போனால் தேயிலையும் காடும். ஒரே நாளில் நான்கையும் பார்த்துவிடலாம் என்று யூடியூபில் ஒருத்தர் சத்தியம் செய்திருந்தார்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி பஸ் ஏற ஆரம்பித்தது. ஒன்பதாவது வளைவில் கீழே அணை முழுசாகத் தெரியும். அங்கே தடுப்புச் சுவரின்மேல் ஒரு வரையாடு நின்றுகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது. செங்குத்தான பாறையில் கால் வைத்து நிற்பதற்கென்றே உடம்பை வளர்த்துக்கொண்ட உயிர், சிமென்ட் சுவரில் நின்று கார்களை வேடிக்கை பார்த்தது. பஸ் நிற்கவில்லை. நான் எடுத்த போட்டோவில் ஜன்னல் கம்பிதான் தெளிவாக விழுந்திருந்தது. இருந்தாலும் ஒரு டிக் போட்டேன்.

வால்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டத்தில் இறங்கிக்கொண்டோம். தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கிற ஒரு துண்டுக் காடு. நூறு ஹெக்டேர்கூட இருக்காது. சிங்கவால் குரங்குகள் அங்கேதான் இருக்கின்றன. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்கிற ஜாதி. ஆனால் இங்கே காட்டைக் கிழித்துக்கொண்டு ரோடு போகிறது. கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடங்களில் குரங்குகள் கடப்பதற்காக ரோட்டுக்கு மேலே தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள்.

"சார், பேகை முன்னாடி மாட்டிக்கோங்க. திங்கறது எதுனாலும் உள்ள வைங்க," என்றார் வாட்சர். கையில் ஒரு குச்சி, கழுத்தில் விசில். நாள் முழுக்க ரோட்டோரம் நின்று, கார்களை மெதுவாகப் போகச் சொல்வதும், எங்களை மாதிரி ஆட்களிடமிருந்து குரங்குகளைக் காப்பாற்றுவதும்தான் அவர் வேலை.

குரங்குகள் மரத்தின் உச்சியில் இருந்தன. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. என் போன் கேமராவில் வெறும் கறுப்புப் புள்ளிகள். அரை மணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்தோம். இறங்கவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பேகின் பக்கவாட்டு வலைப்பையில் கடலைமிட்டாய் பாக்கெட் இருந்தது. வாட்சர் சொன்னபோது அதை உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவர் ஒரு வேனை நிறுத்திப் பேசப் போன நேரத்தில், அந்தப் பை மரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். நான் எதையும் நீட்டவில்லை, சும்மாதானே நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு தாய்க் குரங்கு எதிர்ப்பக்க மரத்திலிருந்து இறங்கியது. வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி. மேலே பாலம் இருந்தது. அது பாலத்துக்குப் போகவில்லை. நேராக என் பையைப் பார்த்து ரோட்டில் கால் வைத்தது. வளைவில் வந்த கார் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு முழ தூரத்தில் கார் நின்றது. குரங்கு திரும்பி மரத்தில் ஏறிக்கொண்டது.

வாட்சர் ஓடி வந்தார். என் பையைப் பார்த்தார். "மறந்துட்டேண்ணா," என்றேன்.

அவர் திட்டவில்லை. "அது ஒண்ணும் மறக்காது சார். நாளைக்கும் இதே எடத்துல எறங்கும்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது டிக்கை நான் போடவில்லை. நண்பர்களில் ஒருவன் என் போனை வாங்கி அவனே போட்டுக் கொடுத்தான்.

மதியம் ஊருக்கு வெளியே, எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டி ஒரு டீக்கடை. கடையை நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மழை பிடித்துக்கொண்டதால் இருவாச்சி ஆசை போய்விட்டது. பேச்சு யானைக்கு வந்தது.

"இங்க யானை எங்கக்கா பாக்கலாம்?" என்று நண்பன் கேட்டான்.

அவர் பதில் சொல்வதற்குள் அவர் போனில் மெசேஜ் சத்தம். எடுத்துப் படித்துவிட்டு, உடனே யாருக்கோ போன் போட்டார். "பாப்பா, ஆத்தோரமா வராதே. ரோட்டு மேலயே சுத்தி வா. ஏழு உருப்படி நிக்குதாம்." வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

எங்களுக்குப் பரபரப்பு. எந்த எஸ்டேட், எவ்வளவு தூரம், ஆட்டோ வருமா என்று ஆளாளுக்குக் கேட்டோம். அக்கா பாலை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"தம்பி, அந்த மெசேஜ் போறதுக்கு வர்றதில்ல. போகாம இருக்கறதுக்கு வர்றது."

எங்கள் தொழிலிலும் அலெர்ட் உண்டு. மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால். விடியற்காலை மூன்று மணிக்குப் போன் அலறும். பாதி நேரம் ஒன்றும் இருக்காது. போகப்போக அலட்சியமாகி, தூக்கத்திலேயே அமுக்கிவிட்டுப் படுப்போம். அலெர்ட் என்றால் பிரச்சினை இருக்கும் இடத்துக்கு ஓடு என்றுதான் எனக்குத் தெரியும். ஓடாதே, அதற்கு வழி விட்டுச் சுற்றி வா என்று சொல்லும் அலெர்ட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். கீழிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கதையை, தோட்ட மருத்துவமனையில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலாக எழுதினார். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. அந்த மக்கள் விரும்பி யானைக்காட்டில் குடியேறவில்லை. யானைகளும் விரும்பித் தேயிலைக்குள் வருவதில்லை. சுற்றிலும் இருக்கும் காடுகளுக்கு நடுவே, ஆற்றோரத்தையும் மிச்சக் காடுகளையும் பிடித்துக்கொண்டு பழைய வழியில் நடக்கின்றன. இங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், அது அங்கே நிற்பது தெரியாமலேயே இருட்டில் எதிர்ப்பட்டவர்கள்.

அதனால் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையும் தோட்டக்காரர்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் லோக்கல் கேபிள் டிவியில், இன்று யானை எங்கே என்று ஒரு வரி ஓடியது. பிறகு எஸ்.எம்.எஸ். வந்தது. அதற்கப்புறம், செல்போனிலிருந்தே எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குகள். இதற்காக உழைத்த ஆனந்த குமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. நான் தினமும் எழுதும் சிஸ்டங்களோடு ஒப்பிட்டால் தொழில்நுட்பம் ரொம்பச் சாதாரணம்தான். ஆனால் அதை யாரும் மியூட் செய்வதில்லை.

நாங்கள் பார்ப்பதற்காக 40 வளைவு ஏறி வந்திருந்தோம். அக்காவின் ஊர் மொத்தமும் பார்க்காமல் இருப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. இதில் யாருக்குக் காட்டின்மேல் மரியாதை என்று யோசித்தபோது, வலைப்பையில் இருந்த கடலைமிட்டாய் முதுகில் கனத்தது.

"காலைல உங்ககிட்ட ஒண்ணு மறைச்சேன்," என்று நண்பர்களிடம் ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும் ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கி டிக் போட்டவன்தான், கொஞ்ச நேரம் கழித்து, "வாட்சர்கிட்ட சொல்லிட்டுப் போலாம்டா," என்றான். பஸ்ஸுக்கு முன்னால் புதுத்தோட்டத்துக்கு நடந்தோம். வாட்சர் வேலை முடிந்து போய்விட்டிருந்தார். மேலே பாலம் மட்டும் மழையில் ஆடிக்கொண்டிருந்தது.

இருட்டுகிற நேரத்துக்குப் பஸ் கிடைத்தது. தேயிலைக்கு நடுவே ஒரு வளைவில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ஜன்னலோரம் இருந்த நாங்கள் ஐந்து பேரும் வெளியே எட்டிப் பார்த்தோம். மற்ற யாரும் பார்க்கவில்லை. கண்டக்டர் மட்டும் ஒரு பாட்டியிடம், "இங்க வேண்டாம் ஆத்தா, அந்தப் பக்கம் எறக்கி விடுறேன்," என்றார்.

கொஞ்ச தூரம் தள்ளி, லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. பாட்டி பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சேற்றுப் பாதையில் மெதுவாக நடந்தார். பஸ் கிளம்பவில்லை. டிரைவர் வண்டியைக் கொஞ்சம் திருப்பி, ஹெட்லைட் அந்தப் பாதையில் விழும்படி நிறுத்தினார். யாரும் முணுமுணுக்கவில்லை. கதவு திறந்து, பாட்டி உள்ளே போய், மறுபடி கதவு சாத்தும்வரை வெளிச்சம் அங்கேயே இருந்தது.

பிறகுதான் கண்டக்டர் விசில் கொடுத்தார்.