மெய்நிகர்க் காட்சியில் மூலமும் உரையும்

அறிவியற் பொருளைப் பொதுமக்கட்கு உணர்த்தும் முறைகளுள் இந்நாளில் பெரிதும் வியக்கப்படுவது மெய்நிகர்க் காட்சியாகும். தலையிற் பூணும் கருவியினுள் இரு கண்கட்கும் சிறிது வேறுபட்ட இரு படங்கள் தோன்றுகின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழமும் தொலைவும் உணர்கின்றது. தலையைத் திருப்பின் காட்சியும் உடன் திரும்பும். அது சிறிது தாழ்ப்பினும் தலைசுற்றும். ஆதலின் சில கருவிகள் நொடிக்கு 90 முறை படத்தைப் புதுக்குகின்றன. தமிழ் பயிலும் எமக்கு இத்துறையிற் பேச உரிமை யாது என்று நண்பர் வினவலாம். உண்டென்பதே எம் கருத்து.

நியூயார்க்கு நகரிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில், 2019-ஆம் ஆண்டு டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் பண்டை விலங்கைப் பற்றிய கண்காட்சி தொடங்கப்பெற்றது. அதன்கண் அமைந்த மெய்நிகர் அரங்கில் மூவர் ஒருங்கு கூடி, அவ்விலங்கின் எலும்புகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பொருத்தினர். பின்னர் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்ட சதுப்பு நிலத்தில் அஃது உயிரோடு உலவக் கண்டனர். நூறு பக்கம் கற்றும் பெறற்கரிய உணர்ச்சி இது. இதனைப் பழித்தல் எம் நோக்கமன்று.

ஆயினும் அச்சாலையின் பழஞ்செய்தி ஒன்று நினைக்கத்தக்கது. 1915-இல் அங்கே நிறுத்திய டைரனோசாரஸ் எலும்புக்கூடு, கங்காருவைப்போல் நிமிர்ந்து, வாலை நிலத்தில் ஊன்றி நின்றது. உடலைக் கிடையாக நீட்டி வாலை மேலே தாங்கி நடந்த விலங்கு அது என்று பின்னையோர் தெளிந்தனர். எனினும் 1990-களிலேதான் அக்கூடு மாற்றி அமைக்கப்பட்டது. அதுகாறும் வந்தோர் கண்ணாரக் கண்டது ஒரு கருத்தையே. அசையாத எலும்புக்கே இவ்வாற்றலெனின், உறுமிக்கொண்டு எதிரே வரும் உருவத்திற்கு எத்துணை ஆற்றல்!

சென்ற ஆண்டு ஒரு பொருட்காட்சியில் இத்தகைய கருவியை யாமும் அணிந்து, பண்டை விலங்கொன்றைக் கண்டோம். எமக்குப் பின் அணிந்த மூதாட்டியார் அதனைக் கழற்றியவுடன், "தம்பி, இந்த மிருகத்தைக் கிட்ட நின்று படம் பிடித்தவர் யார்?" என்றார். அருகிருந்தோர் நகைத்தனர். கருவியை மாட்டிவிட்ட இளைஞரும் நகைத்தாரேயன்றி விடை கூறிலர். எமக்கோ அங்குக் கேட்ட வினாக்களுள் அதுவே தலைசிறந்ததாகத் தோன்றிற்று.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பெரியோர் மூலத்தையும் உரையையும் வேறு வேறாக அச்சிட்டனர். ஏடு சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினர். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தனர். புலவர் வாக்கு எது, உரையாசிரியர் துணிபு எது என்பதைக் கற்போன் ஐயமின்றி அறிவான். மெய்நிகர்க் காட்சியிலோ இரண்டும் ஒரே மையில் எழுதப்படுகின்றன. எலும்பு மண்ணிற் கிடைத்தது. தசை, எலும்பின் தழும்புகளைக் கொண்டு உய்த்துணர்ந்தது. நிறமும் குரலும் பெரும்பாலும் ஊகம். காண்போர்க்கு எல்லாம் ஒன்றே.

இறகைப் பற்றிய வழக்கைப் பாருங்கள். டைரனோசாரஸின் உறவினமாகிய யூட்டிரானஸ், ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுடையது, இறகுடையதாய் இருந்ததென 2012-இல் சீனத்துப் புதைபடிவங்களால் தெரிய வந்தது. 2017-இல் வெளியான ஆராய்ச்சியிலோ, டைரனோசாரஸின் கழுத்து, இடுப்பு, வால் ஆகிய இடத்துத் தோற்பதிவுகள் செதில்களையே காட்டின. முதுகில் இறகு இருந்ததோ என்பது முடிவுறாத வழக்கு. காட்சி அமைப்போரோ ஏதேனும் ஒன்றைத் தீட்டியே ஆகவேண்டும். ஏட்டிற் போலப் புள்ளியிடல் இயலாது என்பர்.

இயலும் என்பேம் யாம். காண்போர் கையில் ஒரு பொத்தான் இருக்கட்டும். அதனை அழுத்தின் குரல் அடங்குக, நிறம் மறைக, தோலில் அச்சிறு செதிற்பகுதிகள் மாத்திரம் எஞ்சுக, மண்ணிற் கிடையாத எலும்புகள் நிழலாகுக. மீண்டும் அழுத்தின் விலங்கு முழுதும் எழுக. எலும்பு, தசை, தோல் என அடுக்கடுக்காகக் கணினியில் அமைக்கப்படும் உருவத்தில் அவ்வடுக்குகளைத் தனித்தனியே காட்டுதல் அமைப்போர்க்கு அரிதன்று.